பன் வெந்துக்கிட்டிருக்கு

ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்
இரவு ஷிப்ட் முடித்து
நான் சைக்கிளில் வந்து சேரும்போது
கோட்டை மலைப் பாறையில் வெயில் பாதி ஏறியிருக்கும்.
என் வீட்டு வாசலில் இன்னொரு பேக்கரி
திறந்தாகிவிட்டது.

கவிழ்த்துப் போட்ட தக்காளி கிரேடு அடுப்பு.
அதன்மேல் நிறுத்திய இன்னொன்று கண்ணாடி அலமாரி.
மண்டியில் காய் தரம் பிரிக்கப் போகும் அவள் அம்மா
திருப்பித் தர மறந்தவை.
ஓரங்களில் இன்னும்
விதை ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

நிகிதாஸ்ரீக்கு நாலரை வயது. முதலாளி.
பக்கத்து வீட்டு ரிஸ்வான் மாஸ்டர்.
இன்னும் பேச ஆரம்பிக்காத பிரணித்
நாள் முழுக்க கஸ்டமர்.

செம்மண்ணின் நடுவில் குழி பறித்து
சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறாள்,
ஒரேயடியாக இல்லை, சுற்றி வளைத்து,
நான் சப்பாத்திக்கு ஊற்றுவதுபோல.
விரலிடுக்கில் சேறு பிதுங்கும்போது
சிரிப்பு வருகிறது.
முதலாளி சிரிக்கக்கூடாது என்று நினைவு வந்து
நிறுத்திக்கொள்கிறாள்.
"கல்லு இருக்குடா, சலி."
ரிஸ்வான் கிழிந்த கொசுவலையில் சலிக்கிறான்.
ஸ்ஸ் ஸ்ஸ் என்று இறங்குகிறது மண்.

தன் காது மடலைக் கிள்ளிப் பார்க்கிறாள்,
பிறகு மாவை.
மறுபடி காது, மறுபடி மாவு.
"வந்துடுச்சு" என்கிறாள்.
இரண்டும் இப்போது ஒரே நிறம்.

கொட்டாங்குச்சியில் அடைத்துக் கவிழ்த்தால் பன்.
தீப்பெட்டியில் அடைத்துத் தட்டினால் பிஸ்கட்.
உண்ணிப்பூவை உதிர்த்தால் டூட்டி ஃப்ரூட்டி,
எங்கள் கடையில் போடுவதைவிட நல்ல நிறம்.
மேலே ஒரு பிடி
அங்கன்வாடிச் சத்துமாவு தூவியிருக்கிறது;
அதைப் பற்றி அவள் அம்மாவிடம்
நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"வாசனை வேணும், குனி."
வெனிலா எசன்ஸ் ஊறிய என் சட்டையில்
ஒவ்வொரு பன்னையும் ஒற்றி எடுக்கிறாள்.

ஒரு தேங்காய் பன் குடுங்க.
"அது நேத்தே தீந்துடுச்சு."
டீ பன்?
"வெந்துக்கிட்டிருக்கு."
எவ்வளவு நேரம் ஆகும்?
கிரேடின் ஓட்டையில் கையை விட்டுப் பார்க்கிறாள்,
சட்டென்று இழுத்து, ஊதி,
காதைப் பிடித்துக்கொள்கிறாள்.
அவ்வளவு சூடு.
நானும் அரை அடி பின்னால் நகர்ந்தேன்.

பொறுக்கமாட்டாமல் பிரணித்
ஒரு பன்னைக் கடித்துவிட்டான்.
முகம் கோணி, துப்பி,
மறுபடி கடித்தான்.
"நல்லாருக்குங்கறான்" என்றாள் முதலாளி.
அவன் வாயைக் கழுவ
சொம்பை அவளிடமிருந்து வாங்கும்போதுதான் பார்த்தேன்,
அவள் முழங்கைக்குக் கீழே
குறுக்காக ஒரு கோடு, கருஞ்சிவப்பாக.
அதன் கீழே சின்னதாக இன்னொன்று.

பதறி இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஸ்கெட்ச் பேனா.

"ரிஸ்வானோட அக்கா போட்டு விட்டுச்சு.
அடுப்புல வேலை செய்யறவங்களுக்கு
இது இருக்கணும்ல?"
என் கையைத் தன் கையோடு சேர்த்து வைத்து
எண்ணத் தொடங்கினாள்.
தட்டு உரசிய தழும்புகள் எனக்கு ஏழு.
அவளுக்கு ஐந்து வரைதான் ஒழுங்காக வரும்.

முதலாளிக்கு இருக்காதே, என்றேன்.
மஞ்சுநாத அண்ணனின் கை எனக்குத் தெரியும்,
மோதிரம் மட்டும்தான்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்போ நீயே முதலாளியா இரு"
என்று ரிஸ்வானிடம் சொல்லிவிட்டு
மாவுக்கு முன்னால் குந்திக்கொண்டாள்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது
கோடுகள் நுரையில் சிவப்பாகக் கரைந்து ஓடின.
அழுதாள்.
பிறகு அழுகையை நிறுத்தி
என் கையில் சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.
நுரை வெள்ளையாகவே இருந்தது.
"உன்னோடது நல்ல பேனா" என்றாள்.

ஏழரைக்கு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.
கிரேடுக்குள் இன்னும் ஒரு பன்
கொட்டாங்குச்சி நாரின் வரி மேலே தெரிய.
வேகவில்லையாம். தொடக்கூடாதாம்.
சைக்கிளை அதைச் சுற்றி உருட்டி
வெளியே எடுத்தேன்,
அடுப்பை அணைக்காமல்.